மூணு படுக்கையறை வீடு

"கூரை ஓடா, தகரமா?" என்று போனில் கேட்டான் காப்பீட்டு நிறுவனத்து ஜாரட்.

"தகரம், கண்ணு. மழை பெஞ்சா பேசறதே காதுல விழாது," என்று சிரித்தாள் ஆஸ்திரேலியாவின் லிஸ்மோரிலிருந்து பேசிய நோரீன்.

"எத்தனை படுக்கையறை?"

"மூணு. கடைசி அறை ஜன்னலைத் திறந்தா ஜக்கராண்டா மரம் உள்ளயே வந்துடும்."

"வேற கம்பெனியில வீட்டு இன்ஷூரன்ஸுக்கு விலை விசாரிச்சீங்களா?"

"ரெண்டு மூணு இடத்துல விசாரிச்சேன். எல்லாரும் அவசரக்காரங்க. நீ எவ்வளவோ தேவலை."

வீட்டு எண்ணையும் தெருவையும் கேட்டுக் கணினியில் தட்டிப் பார்த்தவனின் குரல் தயங்கியது.

"நோரீன்... வெள்ளத்துக்கப்புறம் இந்த வீட்டை அரசாங்கம் வாங்கி இடிச்சிட்டதா காட்டுதே?"

"ஆமா கண்ணு," என்றாள், இப்போது குடியிருக்கும் கேரவன் வண்டிக்குள் தனியே உட்கார்ந்திருந்த நோரீன். "இடிக்கும்போது நானும் நின்னு பார்த்தேன். இப்ப அந்த வீட்டைப் பத்தி என்கிட்ட யாரும் பேசறதில்ல. உன்னை மாதிரி ஆளுங்கதான் அறை அறையா கேக்கறீங்க. உன் நேரத்தை வீணாக்கிட்டேன். வெச்சிடறேன்."

"வெச்சிடாதீங்க," என்றான் ஜாரட் அவசரமாக. "சமையலறை எப்படி இருந்துச்சுன்னு நீங்க இன்னும் சொல்லவேயில்லையே."