சின்ன பேட்டரி போதும்

"ரெண்டு ஸ்கேட்போர்டுமே ஹப் மோட்டார்தான் மேடம். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், சத்தமே வராது" என்றார் ஹப்சிகுடா கடைக்காரர் யூசுப். ஆம்பூர்க்காரர் என்பதால் அந்தத் தெலுங்கு ஊரிலும் ஆக்னஸால் தமிழிலேயே பேச முடிந்தது. "பேட்டரிதான் வித்தியாசம். இது ஒரு சார்ஜுக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடும். அது முப்பது, விலையும் கூட."

"பெருசையே எடுத்துக்க ஜெரால்ட்" என்றாள் ஆக்னஸ். ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத பதினைந்து வயது மகன், இப்போதுதான் வாய் திறந்து ஒன்றைக் கேட்டிருந்தான்.

"வேணாம்மா. சின்னதே போதும்."

வேகத்தைப் பற்றி அவன் விசாரிக்கவே இல்லை. "நடுவழியில சார்ஜ் தீர்ந்துட்டா?" என்று மட்டும் யூசுப்பிடம் கேட்டான்.

"காலால தள்ளிக்கிட்டே போயிரலாம் தம்பி. ஹப் மோட்டார்ல அது ஒரு வசதி."

தன் ஒற்றைச் சம்பளத்தை நினைத்துத்தான் பிள்ளை சிக்கனம் பார்க்கிறான் என்று ஆக்னஸுக்குத் தோன்றியது. "அம்மாவுக்காகப் பாக்காதடா. முப்பது ஓடுறது நல்லதுதானே?"

"போலாரம் பதினாலு கிலோமீட்டர்தாம்மா."

போலாரத்தில்தான் அவன் அப்பா இருந்தார். மகன் தாயிடம்தான் வளர வேண்டும் என்று கோர்ட் சொன்னது போன மாதம்.

"சரி, போய்ப் பாத்துட்டு வா. ஆனா திரும்பி வரச் சார்ஜ் பத்தாதேடா?"

ஜெரால்ட் சின்னதைக் கையில் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

ஆக்னஸ் யூசுப்பின் பக்கம் திரும்பினாள்.

"முப்பது ஓடுறதையே குடுங்க பாய்."