கையைப் பிடித்தவர்

"மேடம், சொல்லவே வாய் கூசுது. நம்ம வாட்ச்மேன் பெரியவர் காலங்காத்தால பொம்பளைங்க கையைப் பிடிக்கிறாரு."

ஸ்டோர் கீப்பர் சொன்னதைக் கேட்டதும் மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆஸ்பத்திரிப் போர்வைகளை மூட்டை மூட்டையாக வெளுத்துத் தரும் சலவைக் கூடம் அது. ஆளை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும் மேடத்தின் பொறுப்பு. துவைக்கும் பகுதியில் பதினெட்டுப் பெண்கள். அவர்களுக்கு ஒன்றென்றால் சும்மா இருக்க மாட்டேன் என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்பவள் அவள்.

"யார் கையை?"

"ஒருத்தி ரெண்டு பேருன்னா பரவாயில்லையே. வரிசையா நிக்கிறாங்க மேடம்!"

"வரிசையாவா?"

"ஆமா. ஒருத்தி உள்ள போனதும் கதவைச் சாத்திடறாரு. வெளிய வரும்போது கண்ணைத் துடைச்சிக்கிட்டு வர்றா."

அன்று முழுக்க மேடத்துக்கு வேலை ஓடவில்லை. பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிற மனுஷன்! பேரன் பேத்தி எடுத்த வயசு! யாரைத்தான் நம்புவது?

மறுநாள் காலை ஆறரை மணி. எலும்பைக் குடையும் குளிர். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓசைப்படாமல் நடந்து வந்தாள் மேடம்.

வாட்ச்மேன் அறைக்கு வெளியே வரிசை நின்றது. அவளைக் கண்டதும் பெண்கள் வெலவெலத்துப் போனார்கள்.

ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்து உள்ளே மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் தெரிந்தவரை போதும். பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சின்னப் பெண். அவள் கை அவருடைய இரண்டு கைகளுக்குள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மேடம் கதவைப் படாரென்று தள்ளினாள்.

"விடுங்க அவ கையை!"

அந்தப் பெண் விழுந்தடித்து வெளியே ஓடினாள். பெரியவர் எழுந்து, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்திரெண்டு மேடம்."

"வெட்கமா இல்ல? அவ கையைப் பிடிச்சீங்களா இல்லையா?"

"பிடிச்சேன்."

"எதுக்கு?"

பெரியவர் வாசலைப் பார்த்தார். வரிசையில் முதலில் நின்றவள், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடும் மூத்தவள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்பது போல் அவர் லேசாகத் தலையை ஆட்டினார்.

"தப்புதான் மேடம்."

மறுப்பார், மழுப்புவார் என்றுதான் மேடம் நினைத்திருந்தாள். இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"வயசைப் பார்த்து போலீஸுக்குப் போகாம விடறேன். இந்த நிமிஷமே கிளம்புங்க!"

பெரியவர் கம்பெனி கொடுத்த கோட்டைக் கழற்றி, மடித்து, ஸ்டூல் மேல் வைத்தார். மெல்லிய சட்டையோடு குளிரில் இறங்கி நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏழரை மணிக்கு வருகைப் பட்டியல் கம்ப்யூட்டரில் வந்தது. மேடத்தால் நம்ப முடியவில்லை. துவைக்கும் பகுதியில் பதினெட்டுப் பேரும் ஆப்சென்ட்!

தடதடவென்று படியிறங்கினாள். கைரேகை மிஷினைச் சுற்றி அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன, வேலைநிறுத்தமா? உங்க மானத்தைக் காப்பாத்தத்தானே அந்த ஆளை அனுப்பினேன்? அவருக்காகவா என்கிட்ட முறைச்சிக்கிறீங்க?"

பெரியக்கா முன்னால் வந்து மிஷினில் விரலை வைத்தாள்.

சிவப்பு விளக்கு. 'மீண்டும் முயற்சிக்கவும்' என்றது மிஷின்.

மறுபடி வைத்தாள். சிவப்பு.

மூன்றாவது தடவை கொஞ்சம் அழுத்தி வைத்தாள். விரலை எடுத்தபோது கண்ணாடியில் ரத்தம் இருந்தது.

மேடம் ஆடிப்போனாள். "என்னம்மா இது? கையைக் காட்டு!"

பெரியக்கா காட்டினாள். விரல்களில் ரேகை என்று ஒன்றுமே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள்தான்.

"குளிர்காலம் வந்தா எங்க எல்லாருக்கும் இப்படித்தான் மேடம். பனியில தோல் காஞ்சிடுது. பிளீச்சிங் தண்ணி பட்டதும் வெடிச்சிடுது. மிஷினுக்குக் கை தெரியலன்னா நீங்க ஆப்சென்ட் போட்டுடறீங்க."

"லேட்டா வந்துட்டு மிஷின் மேல பழி போடறீங்கன்னு நினைச்சேன்..."

"இந்தக் கண்ணாடியைத் தினமும் துடைக்கிறது வாட்ச்மேன் பெரியப்பாதான். ரத்தத்தைப் பார்த்துட்டு எங்களைக் கூப்பிட்டாரு. வெதுவெதுப்பான தண்ணியில கையை ஊற வச்சு, ஈரம் காயறதுக்குள்ள வாஸ்லின் தடவுவாரு. மிஷின்ல பிசுக்கு ஒட்டக் கூடாதுன்னு விரல் நுனியைத் துணியால ஒத்தி எடுப்பாரு. அப்பத்தான் மிஷின் எங்க விரலை எடுத்துக்கும், இன்னிக்கு அவர் இல்லாம எடுத்துக்கல. வெடிச்ச கையை வச்சிக்கிட்டு நாங்களே தடவிக்க முடியல மேடம். எரியிற எரிச்சல்ல கண்ணுல தண்ணி வந்துடும்."

மேடம் மிஷின் கண்ணாடியில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"இதை... இதை என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? தப்புதான்னு எதுக்கு ஒத்துக்கிட்டாரு?"

பெரியக்கா மிஷினுக்கு மேலே ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். கீழே மேடத்தின் கையெழுத்து.

"'விரலில் எதையும் தடவிக்கொண்டு ரேகை வைப்பவர் உடனே வேலைநீக்கம்'னு நீங்க ஒட்டினதுதானே மேடம்? உண்மையைச் சொன்னா எங்க பதினெட்டுப் பேர் வேலையும் போயிடும்னு, கெட்ட பேரை வாங்கிக்கிட்டு அவர் ஒருத்தரே போயிட்டாரு."