குறுக்கே ஒரு கோடு

“ஒம்மவன் இந்த ஸ்டேஷன் வாசப்படிய மிதிச்சான்னு எவன் சொன்னான்?” காணாமல்போன மகனைத் தேடி வந்த பேச்சித்தாயிடம் இன்ஸ்பெக்டர் அன்று கேட்டார். இன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அவள் வாங்கிய உத்தரவின்படி, ஸ்டேஷன் ரைட்டர் கைதிகள் பதிவேட்டை அவள்முன் விரித்தார். ஒரு பெயரை மையால் அடித்திருந்தார்கள். பக்கத்திலிருந்த கட்டைவிரல் ரேகையை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. அதன் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு.

“எம் பிள்ளை வெரலுய்யா.”

“மை ஒட்டாம விட்டிருக்கும்மா.”

“பனமட்ட கிழிச்சதுய்யா. மஞ்ச அரச்சுக் கட்டுனது நாந்தான்.”

அவள் செருப்பைக் கழற்றினாள். குளத்தில் கல் விழுந்ததுபோல் வட்டம் வட்டமாக விரிந்திருந்த அந்த ரேகையைத் தொடத் துணியாமல் கைகூப்பி நின்றாள். ரைட்டர் தன்னையறியாமல் எழுந்தார். அறை வாசலில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.