புத்தகத்துக்குப் பரீட்சை

“வாயத் தொறந்தீங்க, வேலை போச்சு!”

சக்கரவர்த்தி சொல்லிவிட்டு உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். சிந்துஜா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். வேங்கிக்காலின் அந்த மாடி அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் கன்னியம்மாள். அதே கட்டடத்துக்கு மேலே இன்னொரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே அவள் சித்தாள். தலைச் சும்மாட்டை அவிழ்த்து, அதிலேயே கைச் சிமெண்டைத் துடைத்துக்கொண்டாள். பரீட்சை அவளுக்கு இல்லை, பக்கத்தில் கிடந்த புத்தகத்துக்கு.

சக்கரவர்த்தியின் கம்பெனி, வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ளும்படி ஒரு டேட்டாபேஸ் செய்திருந்தது. சொந்தக்காரர் பேர், ஊர், ஃபோன் நம்பர் எல்லாம் போட்டு வைக்கலாம்; கேட்டால் எடுத்துக் கொடுக்கும். திரையில் எழுத்தெல்லாம் கடைப் பலகை மாதிரி பெரிசு. புதிதாகத் தொடுகிறவர்களுக்கு வழிசொல்லும் புத்தகத்தை எழுதியவள் சிந்துஜா.

“கம்ப்யூட்டரே பாக்காத ஆளு, இந்தப் புக்கை மட்டும் வெச்சிக்கினு ஒரு பேரைப் போட்டு எடுக்கணும். அப்பத்தான் அச்சுக்குப் போவும். இல்லேன்னா மெட்ராஸ்ல வேற ஆளை வெச்சி எழுதிக்கிறேன், நீங்க வீட்டுக்குக் கெளம்பலாம்” என்று ஆடி மாதமே சொல்லிவிட்டார் சக்கரவர்த்தி.

அப்படிப் பிடிபட்டவள்தான் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்த கன்னியம்மாள். முதல் நாள் சுருக்குப்பையிலிருந்து நூல் கட்டிய கண்ணாடியை எடுத்து மாட்டினாள். பொடி எழுத்துக்கு அது இல்லாமல் ஆகாது. எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். ‘மவுஸை மேலே கொண்டுபோகவும்’ என்று இருந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னும் மேலயா?” என்றாள்.

‘ஒரு பெயரைக் கொடுக்கவும்’ என்ற வரி வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்கூட்டுக்காரர் பேரை நான் சொல்ல மாட்டேம்பா!”

“சொல்ல வேணாங்க்கா, தட்டினா போதும்.”

“விரலால தட்டலாமா? அப்ப தோஷமில்ல.”

அவள் எந்த வரியில் மாட்டினாளோ அந்த வரியை சிந்துஜா அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். மறுவாரம் மறுபடி கன்னியம்மாள், வேறொரு வரி, கூடவே டீயும் போண்டாவும். “வேற யாரையாவது கூப்பிடலாமா சார்?” என்று சிந்துஜா ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். “எதுக்கு? இந்தம்மாதான் நல்லாப் பழகிட்டாங்களே” என்றார் சக்கரவர்த்தி.

ஐப்பசி வந்துவிட்டது. அடுத்த மாதம் கார்த்திகை தீபத்துக்கு மலைக்கு வரும் கூட்டத்தில் விற்றாக வேண்டும். இதுதான் கடைசித் தவணை.

கன்னியம்மாள் நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். மவுஸ் மேஜையோடு மேஜையாக வழுக்கிக்கொண்டு போனது. எழுத்துக் கூட்டுகிறவளின் உதடு இன்று அசையவே இல்லை. வழக்கம்போல வீட்டுக்காரர் பேரை மண்ணாங்கட்டி என்று தட்டினாள், சேமித்தாள், எல்லாவற்றையும் மூடினாள்.

மறுபடி நாக்கு, மறுபடி ஒரு பக்கம். ‘தேடு’ என்பதைத் தொட்டாள். சிந்துஜா துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள்.

திரையில் பளிச்சென்று வந்து நின்றார் மண்ணாங்கட்டி.

“புக்குன்னா இதான் புக்கு!” சக்கரவர்த்தி துள்ளினார். “எப்படி எழுதியிருக்கீங்க சிந்துஜா! பச்சப் புள்ளகூடப் படிச்சிட்டுச் செய்யும்!” அங்கேயே ஃபோனை எடுத்து, “மிஷினை ஓட்டுங்க, ஃப்ளாப்பி இப்பவே வருது” என்று அச்சகத்துக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

சிந்துஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் கன்னியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்தப் பக்கம்க்கா உங்களுக்கு நல்லாப் புரிஞ்சுது?”

கன்னியம்மாள் ஃபோன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிந்துஜாவின் காதருகே குனிந்தாள்.

“கண்ணாடி ஒடஞ்சி ஒரு வாரமாச்சி, நீ வாயத் தொறக்காத, கண்ணு!”