ஆறு நாலுக்கு வந்த பதில்

காலை ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு அந்தப் பதில் வந்ததும் மாதவராஜுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

'ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?' இதுதான் அன்றைய பொது அறிவுக் கேள்வி. டிப்போக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் டாண் என்று ஆறு மணிக்கு ஒரு கேள்வி போட்டுவிடுவார். நெட்டில் பார்க்கக் கூடாது, சொந்தப் புத்தியில்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

கேள்வியையும் பதிலையும் அவரே முந்தின நாள் நெட்டில்தான் தேடி எடுப்பார். அது வேறு விஷயம். சட்டம் போட்டவருக்கு ஏது சட்டம்?

பதில் போட்டிருந்தது டிரைவர் மாதேஷ்.

'ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் உள்ளன. அவற்றில் இரண்டு, செவுள்களுக்கு இரத்தத்தைச் செலுத்துகின்றன.'

லீவ் லெட்டரையே அடுத்தவன் கையால் எழுதி வாங்குகிற மாதேஷ் செவுளைக் கண்டானா? அப்பட்டமான நெட் சரக்கு. ஆனால், மாதவராஜின் கோபம் அதற்கில்லை.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் அவர். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆன பிறகும், எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே ஓடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்த வாரம் மாதேஷுக்கு ஒகேனக்கல் முதல் ட்ரிப். அஞ்சு ஐம்பதுக்கு எடுத்தால், ஆறு நாலுக்கு வண்டி ஊரைத் தாண்டியிருக்கும்.

"அம்பது உசுர ஏத்திக்கிட்டு, ஓட்டற வண்டியில போன் நோண்டறானா?"

கத்திவிட்டார். ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

மனைவி தீர்த்தம்மாள் இருந்தவரை, காலைக் காப்பியோடு அவளிடம்தான் கேள்வி கேட்பார். அவள் எதற்கும் தப்பாகத்தான் சொல்வாள். "இது தெரிஞ்சு நான் என்ன கலெக்டராவா போறன்?" என்று சிரிப்பாள். அவள் போய்ப் பதினோரு மாசம் ஆகிறது. கேள்வி மட்டும் மிஞ்சிப் போனது. அதைத்தான் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓசூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். மற்ற நாளெல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவது, அந்தக் கேள்விக்கு வருகிற பதில் ஒன்றுதான்.

அதற்காக ஜனங்களின் உயிரோடு விளையாட விடலாமா? டிப்போ மேனேஜருக்கு ஒரு புகார் எழுதினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மாதேஷின் வேலை போகும், தன்னுடைய காலைப் பொழுதும் இன்றோடு போகும் என்று தெரிந்துதான் நடந்தார்.

ஏழேகாலுக்கு வண்டி திரும்பி வந்து நின்றது. கண்டக்டர் பச்சியப்பன் இறங்கினான். அவன் கையில் இரண்டு போன்.

"வாங்க சார்! என்னங்க, காலங்காத்தால?"

"மாதேஷ் எங்க?"

"டீ குடிக்கப் போனானுங்க."

"அவன் வண்டி ஓட்டிக்கிட்டே போன்ல பதில் போடறான். நீயும் பாத்துக்கிட்டு வர்ற. இத படி."

புகாரைப் படித்த பச்சியப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ சார், அவன் போனத் தொடவே இல்லீங்க! வண்டி எடுக்கும்போதே எங்கிட்டக் குடுத்துட்டான். நான்தான் ஸ்டாப்பிங்ல நிக்கும்போது நெட்ல பாத்துப் போட்டன்."

"அவன் பேர்ல நீ எதுக்குடா போடற?"

"இன்னைக்கு அவன் முறைங்களே..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"முறையா? என்ன முறை?"

பச்சியப்பன் மாதேஷின் போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மாதவராஜ் போனைப் பிடுங்கினார்.

'ஆறு மணி டியூட்டி' என்று ஒரு குரூப். டிப்போ குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் இதிலும் இருந்தார்கள், அவர் ஒருவரைத் தவிர.

அதில் ஒரு டியூட்டி சார்ட். இத்தனை வருஷம் அவர் கட்டம் போட்டு எழுதியதைப் போலவே. திங்கள் மாதேஷ். செவ்வாய் மாதப்பன். புதன் அருள்நாதன். லீவு போட்டால் யார் மாற்று ஆள் என்பதுவரை எழுதியிருந்தது.

"ஏன்டா, என்னய வெச்சு எல்லாரும் விளையாடறீங்களா? எப்பருந்து நடக்குது இது?" குரல் உடைந்தது.

பச்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க மொதக் கேள்வி போட்ட அன்னைலருந்துங்க. அன்னைக்கு யாருமே பதில் போடல. சாயங்காலம் நீங்க 'யாராவது இருக்கீங்களா?'ன்னு கேட்டுட்டு, ஒடனே அழிச்சுட்டீங்க. நாங்க பாத்துட்டமுங்க."

யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

பச்சியப்பன் கையிலிருந்த புகாரை வாங்கி மறுபடி தன் பைக்குள் திணித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சார்ட்டுக்கு அடியில் எழுதியிருந்ததைப் படித்தார்.

'பதில் தெரியலைன்னா நெட்ல பாத்துக்குங்க. ஆனா ஆறு பத்தத் தாண்டக் கூடாது. சார் வூட்டுல ஒண்டியாக் காத்துக்கிட்டு இருப்பாரு.'