மதில்மேல் ஒரு கறுப்புக் குவளை

சுகாதார ஆய்வாளர் ஒரு வீட்டு மதிலில், தண்ணீர் ஊற்றிய கறுப்புக் குவளையை வைத்துவிட்டுப் போனார். அதில் கொசு முட்டையிட்டால் எடுத்துப்போய், காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்.

பிள்ளைத்தாய்ச்சிக் கொசு ஒன்று வந்து, "முட்டை விடட்டுமாக்கா?" என்றது.

குவளைக்கு மனசு கேட்கவில்லை. "வேண்டாம் தாயி. உன் பிள்ளைங்களை அள்ளிட்டுப் போயிடுவாங்க," என்றது.

ஆய்வாளர் வந்து முட்டையில்லாத குவளையைப் பார்த்தார். "இந்தத் தெருவுக்கு மருந்தடிக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து, அந்த வீட்டுச் செண்பகம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். துவண்டு தொங்கிய சின்னக் கை குவளையை உரசியது. நெருப்பாய்ச் சுட்டது.

சாயங்காலம் கொசு திரும்பவும் வயிறு நிறைய முட்டையோடு வந்தது. "இப்பவும் வேற எங்கயாவது போகட்டுமாக்கா?"

குவளை சொன்னது:

"இங்கேயே விடு, தாயி."