தகவல்: குடும்பத்தினர்

கிஷாந்த் தன்னுடைய மரண அறிவித்தலை மின்கம்பத்திலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தான்.

மாப்பசை நன்றாகப் பிடித்திருந்தது. தாள் வரவில்லை, நகம்தான் பிய்ந்தது.

கடைவாசலில் நின்ற ஒருவர் கம்பத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையின் இந்த ஒழுங்கையில்தான் வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு நடந்தது. எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறவர்களுக்கு மருந்தும் துணையும் தேடிக் கொடுக்கும் சின்னத் தொண்டு அமைப்பொன்றின் குறும்படம். எய்ட்ஸ் என்றதும் சொந்தக்காரர்களே கதவைச் சாத்திய தொண்ணூறுகளில் செத்துப்போகும் ஒருவனாக கிஷாந்த் நடித்தான். வேடத்துக்காக ஒன்பது கிலோ மெலிந்திருந்தான்.

அவன் முகத்தைப் போட்டு ஐந்து கம்பங்களில் அறிவித்தல் ஒட்டினார்கள். நான்கைக் கிழித்தார்கள். ஐந்தாவதை மறந்துவிட்டார்கள்.

அதை யாரோ படம்பிடித்து அவனுடைய யாழ்ப்பாணத்து ஊர்ச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அது நேற்றுக் காலை. இன்று ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் படத்தின் இயக்குநர் சுபாஷினி அழாக்குறையாக அவனுக்குச் சொன்னாள். செத்தவனுக்கு யார் போன் எடுப்பார்கள்? ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியாக அவனுக்குத் தெரிந்தது.

அறிவித்தலில் இருந்ததோ கதையில் வருகிறவனின் பெயர், குலேந்திரன். அது ஒருவரையும் யோசிக்க வைக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர். பலருடைய பதிவுப் பெயர் அவர்கள் செத்த பிறகுதான் ஊருக்கே தெரியவரும். கிஷாந்தின் பதிவுப் பெயர் குலேந்திரனாக்கும் என்று முந்நூறு பேர் முடிவெடுத்து, முந்நூறு பேரும் கைகூப்பிக் கும்பிடும் பொம்மையைப் போட்டிருந்தார்கள்.

கடைசி வரியில் ‘தகவல்: நண்பர்கள்’ என்று இருந்தது. கதையில் அவனைக் குடும்பம் கைவிட்டுவிடுகிறது. அதுவும் யாரையும் உறுத்தவில்லை போலிருக்கிறது. அதை நினைக்க கிஷாந்துக்குச் சிரிப்பு வந்தது. அரைவாசியில் நின்றுவிட்டது.

அவன் அழைத்தும் அம்மா போனைத் தூக்கவில்லை. ஒன்பது தடவை.

அம்மா பத்மாவதிக்குப் போன வருடம்தான் இதயத்தில் சத்திரசிகிச்சை. இருமினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மனுசி.

ஆண்களை நேசிப்பவன் தான் என்பதை கிஷாந்த் ஒருபோதும் மறைத்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வானவில் கொடியோடு ஊர்வலம் போனான், படம் பத்திரிகையில் வந்தது. தங்கச்சி சாருஜாவுக்கு வந்த மூன்று சம்பந்தங்களும் அந்தப் படத்தோடு திரும்பிப் போயின. அவளுக்கு ஒரு வழி பிறக்கும்வரை இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்றாள் அம்மா. அவன் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்தான். அம்மாமேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. மாதம் தவறாமல் மிளகாய்த்தூள் வறுத்து இடித்து, தெரிந்தவர் கையில் கொடுத்து அனுப்புகிறவளோடு எப்படிக் கோபிப்பது?

அந்த அம்மா இந்த அறிவித்தலைப் பார்த்தால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள்.

மிச்சத் தாளை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். மழைக்கு இருண்டிருந்தது. காலிக்குப் போகும் பெருவீதியைக் குறுக்கே கடக்கும்போது பஸ் ஒன்று அவனை உரசுவதுபோல் போய் நின்றது. சாரதி சிங்களத்தில் ஏசியது காதில் ஏறவில்லை. அவள் உயிரோடு இருந்தால் போதும் என்பது ஒன்றே மனதில் ஓடியது.

அம்மாவின் வீடு மூன்றாம் மாடி. கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

வாசல் முழுக்கச் செருப்புகள்.

பிந்திவிட்டேன், அம்மாவை நானே கொன்றுவிட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் உள்ளே அவளுடைய குரல் கேட்டது.

“டெங்கு எண்டாங்கள், மூண்டே நாள்! உடம்பையும் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையளுக்கு எழுதிக் குடுத்திட்டான், முகம் பாக்கவும் குடுத்துவைக்கேல்லையே என்ர ராசா!”

உயிரோடு இருக்கிறாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த கணமே ஆத்திரம் வந்தது. டெங்கா? அவன் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைத்ததில்லை. எந்தப் பாவி போன் எடுத்து ஒரு தாயிடம் இப்படிப் பொய்யை அவிழ்த்துவிட்டான்? ஆள் அகப்பட்டால் சும்மா விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு செருப்புகளைத் தாண்டிக் காலை வைத்தான்.

கதவு திறந்தது. பத்மாவதிதான். வெள்ளைச் சேலை, அழுது வீங்கிய முகம்.

இதோ விழப்போகிறாள் என்று தாங்கிப்பிடிக்கக் கையை நீட்டினான்.

அவள் விழவில்லை. திடுக்கிடவும் இல்லை. வெளியே வந்து, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய ஒட்டிய கன்னத்தை ஒருதரம் தடவினாள்.

“உனக்குப் பேர் பதிஞ்சதே நான்தானே, அது உன்ர பேர் இல்லையெண்டு எனக்குத் தெரியாதோ?” என்றாள் மெல்ல. “பின்பக்கப் படியால போ ராசா, மாப்பிள்ளை வீட்டார் உள்ளுக்கு இருக்கினம். கலியாணத்துக்கு ஒரு வருசம் பொறுக்கினமாம்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒப்பாரி விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.